மூலை இருக்கையில் ஒரு மூதாட்டி

வர்ஜினியா உல்ஃப் 1924-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ரிச்மண்டிலிருந்து வாட்டர்லூவுக்குச் செல்லும் ரயில் வண்டியின் மூலை இருக்கையில், நைந்துபோனாலும் துப்புரவாக வைத்திருந்த உடைகளோடு, கால்கள் தரையை எட்டியும் எட்டாமலும் தொங்க, தன் கவலையைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியைக் கண்டதாகச் சொல்லி, அவளுக்குத் திருமதி பிரவுன் என்று பெயரும் சூட்டி, நாவல் என்று பேர் படைத்ததெல்லாம் எதிர் இருக்கையில் இருக்கும் இந்த ஒரு ஜீவனிடத்திலிருந்துதான் பிறக்கிறது என்று வாதிக்கிறார். தம் காலத்துப் பிரபல நாவலாசிரியர்கள் வண்டியின் ஜன்னலையும் மெத்தையையும், அவள் குடியிருக்கும் வீட்டின் வாடகையையும் விஸ்தாரமாக வருணித்தார்களே ஒழிய, அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு.

அந்தக் கட்டுரையைப் படித்த பிற்பாடுதான், என் அலமாரியில் ஒன்றுக்கொன்று ஸம்பந்தமே இல்லாதவை போல் நிற்கும் மூன்று வகைப் புஸ்தகங்களை நான் ஏன் சரிசமமாக நேசிக்கிறேன் என்பது எனக்குத் தெளிவாயிற்று. ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாட்டுப்புற வாழ்வைச் சொல்லும் பெரிய நாவல். மற்றொன்று, தகப்பனார் வீட்டை விட்டு அநேகமாக வெளிவராமலே வாழ்ந்து மறைந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் கவிதைத் தொகுதி. மூன்றாவது, மந்திரவாதிகளும் பறவைநாகங்களும் உலவும் தீவுக் கூட்டத்தின் கதை. இம்மூன்றையும் எழுதியவர்களிடத்தில் பொதுவாக இருப்பது, உலகம் கவனியாமல் கடந்துபோகும் ஒருவரின் எதிரில் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கும் குணம். அந்தக் குணம் இல்லாத ஆசிரியர் எவ்வளவு பெரிய மேதையானாலும், அவரை வியக்க முடிகிறதே அன்றி அவரோடு உறவு கொண்டாட என்னால் முடிவதில்லை.

முதல் ஸ்தானம் ஜார்ஜ் எலியட்டுக்கு. ஆண்பிள்ளைப் பெயரைத் தாங்கி எழுதிய இந்த அம்மையாரின் சொந்தப் பெயர் மேரி ஆன் ஈவான்ஸ். 1819-ல் வார்விக்‌ஷயரில், ஒரு பெரிய ஜமீன் பண்ணையை மேற்பார்வையிட்டு வந்தவருக்கு மகளாகப் பிறந்து, ஜெர்மன் மொழியில் தேர்ச்சி பெற்று, ஸ்ட்ராஸ், ஃபாயர்பாஹ் ஆகியோரின் நூல்களை ஆங்கிலமாக்கி, ஒரு கௌரவமான பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பையும் வகித்து, நாற்பதை நெருங்கும் வயதில்தான் கதையெழுதப் புகுந்தார். மனைவியிடமிருந்து சட்டப்படி விலக இயலாத நிலையில் இருந்த ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் என்ற எழுத்தாளரோடு 1854 முதல் அவர் குடித்தனம் நடத்தியதால், மரியாதைப்பட்ட வீடுகளின் கதவுகள் அவருக்கு அடைபட்டன. சிறு பிராயத்தில் நிழல்போல் தாம் பின்தொடர்ந்து திரிந்த தமையனார் ஐஸக், 1857-ல் விஷயத்தை அறிந்ததும் கடிதப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டு, லூயிஸ் காலமாகி, அம்மையார் 1880-ல் வேறொருவரை முறைப்படி மணந்துகொண்ட பிறகே, இருபத்து மூன்று வருஷத்து மௌனத்தைக் கலைத்து ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதினார். அந்த வருஷம் டிசம்பர் மாதத்திலேயே எலியட்டின் ஆயுள் முடிந்துவிட்டது.

இத்தனை புறக்கணிப்பை அனுபவித்த ஒருவர் ஊர் உலகத்தின்மீது வன்மம் கொண்டு எழுதியிருந்தால், நாம் அதைப் புரிந்துகொண்டிருப்போம். அவர் எழுதியது ‘மிடில்மார்ச்’. 1871 டிசம்பரில் தொடங்கி ஓராண்டுக் காலம் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த அந்த நாவலில், 1829-க்கும் 1832-க்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் டாக்டர்களும் வியாபாரிகளும் பாதிரிகளும் பண்ணையாட்களும், யாரும் யாருக்கும் குறைந்தவரில்லை என்ற சமபாவனையோடு நடத்தப்படுகிறார்கள்.

அதிலே கசாபன் என்றொரு பண்டிதர் வருகிறார். உலகத்துப் புராணங்கள் அனைத்துக்கும் மூலமான ஒரு திறவுகோலைக் கண்டுபிடித்துப் பெரிய கிரந்தம் எழுதப் போவதாகச் சொல்லிக்கொண்டு, குறிப்புகளை மேன்மேலும் குவித்து வைத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாத, வற்றிய நெஞ்சுடைய மனிதர். உயர்ந்த லட்சியங்கள் நிறைந்த டொரொதியா என்ற இளம்பெண், அவரை ஒரு ஞானி என்று நம்பி மணந்துகொண்டு, சீக்கிரமே அந்த நம்பிக்கை பொய்த்துப்போகத் தவிக்கிறாள். வாசிக்கிற நாமெல்லாம் அவள் பக்கம். இருபத்தொன்பதாம் அத்தியாயம் டொரொதியாவைப் பற்றிய ஒரு வாக்கியத்தோடுதான் ஆரம்பிக்கிறது. ஆரம்பித்த மாத்திரத்தில் ஆசிரியர் தம்மைத் தாமே தடுத்து நிறுத்திக்கொண்டு, எப்போதும் அவளையே பற்றிப் பேசுவானேன், இந்தக் கல்யாணத்தில் அவளுடைய நோக்கு ஒன்றுதானா உண்டு என்று கேட்டுவிட்டு, நாம் அருவருத்து ஒதுக்கிய அந்தக் கிழப் பண்டிதரின் உள்ளத்துக்குள் பிரவேசிக்கிறார். தாம் எழுதப் போவது ஒன்றுமில்லை என்ற சந்தேகம் இரவில் வந்து கௌவும்போது அவர் படும் பயமும், தம்மைப் பிறர் இளக்காரமாக நினைக்கிறார்களோ என்ற ஓயாத அரிப்பும் அங்கே நமக்குக் காட்டப்படுகின்றன. அவர் நல்லவராகிவிடுவதில்லை, அவர் செய்த தீமைகள் ஒன்றும் குறைவதுமில்லை. ஆயினும் அதற்குப் பிறகு அவரை வெறுப்பது முன்போல் எளிதாக இல்லை. கதாபாத்திரத்துக்கு நீதி செய்வது என்று விமரிசகர்கள் சொல்வதற்கு இதைக் காட்டிலும் நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் அந்த நாவலில் நான் அடிக்கடி திரும்பிச் சென்று படிக்கும் இடம், பிரதான பாத்திரங்கள் யாரும் இல்லாத எழுபத்து நான்காம் அத்தியாயம். புல்ஸ்ட்ரோடு என்பவர் ஊரில் பெரிய பாங்கிக்காரர்; பக்திமான் என்று பேர் எடுத்தவர். அவருடைய செல்வத்துக்கு மூலம் ஒரு பழைய மோசடி என்பதும், அந்த ரகசியத்தை அறிந்திருந்த ஒருவன் அவர் வீட்டிலேயே சந்தேகத்துக்கிடமான வகையில் இறந்துபோனான் என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்ட பிறகும், அவர் மனைவி ஹாரியட் மட்டும் ஒன்றும் அறியாமல், சிநேகிதிகளின் வீடுகளுக்குப் போய் அவர்களுடைய முகக்குறியைக் கண்டு கலங்கி, கடைசியில் தன் தமையன் வாயிலாக விஷயத்தைத் தெரிந்துகொள்கிறாள். நல்ல உடுப்பிலும் ஊராரின் மதிப்பிலும் பிரியமுள்ள, விசேஷ அறிவு ஒன்றுமில்லாத, சாதாரணக் குடும்ப ஸ்திரீ அவள். வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவைத் தாளிட்டுக்கொண்டு, தன் சந்தோஷ வாழ்வுக்கெல்லாம் விடைகொடுத்து அழுது தீர்த்த பின், நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, அலங்காரத் தொப்பியை விலக்கி, சுருள் சுருளாகப் புனைந்திருந்த கூந்தலை வாரிப் படிய விட்டு, சாதாரணக் கறுப்பு அங்கி ஒன்றை அணிந்துகொண்டு, கணவன் உட்கார்ந்திருக்கும் அறைக்கு இறங்கி வருகிறாள். நம் தேசத்தில் நகையைக் களைவது கணவனைப் பறிகொடுத்தவளுக்கு விதிக்கப்பட்ட கொடுமை. இவளோ, உயிரோடிருக்கும் கணவனின் அவமானத்தில் பாதியைத் தானும் சுமக்கப் போகிறேன் என்பதைப் பேச்சில்லாமல் தெரிவிப்பதற்காக அதைத் தானாகவே செய்கிறாள். அவர் தலை நிமிரவில்லை. அவர் உடல் சுருங்கிவிட்டது போல் அவளுக்குத் தோன்றுகிறது. ஒரு கையை அவர் கைமேலும் மற்றொரு கையை அவர் தோள்மேலும் வைத்து, நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறாள். இருவரும் அழுகிறார்கள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. நான் குற்றமற்றவன் என்று அவரும் சொல்லவில்லை. சில பக்கங்களே உள்ள அந்தப் பகுதிக்கு நிகராக வைக்கத்தக்க தம்பதிக் காட்சிகள் உலக இலக்கியத்தில் சிலவே இருக்கக்கூடும் என்பது என் துணிபு.

எலியட்டிலிருந்து எமிலி டிக்கின்ஸனுக்கு நான் தாவுவதற்கு அவர்களுக்குள்ளேயே ஒரு பாலம் இருக்கிறது. மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் ஆமர்ஸ்ட் என்ற ஊரில் 1830-ல் பிறந்து 1886-ல் அதே ஊரில், அதே வீட்டில் காலமான டிக்கின்ஸன், எலியட்டின் பரம ரசிகை. ‘மிடில்மார்ச்’ பற்றி 1873-ல் தம் உறவுப் பெண்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், அந்நாவலை மகிமைக்கே ஒப்பாக வைத்து எழுதினார். அவருடைய அறையின் சுவரில் எலியட்டின் படம் மாட்டப்பட்டிருந்ததாக அவர் தமையன் மகள் பதிவு செய்திருக்கிறார். எல்லாரும் அறிந்த பெரிய நாவலாசிரியை ஒருவர் மறைந்து வாழ்பவர்களின் உயர்வைப் பற்றி எழுத, கடலுக்கு அப்பால் மறைந்தே வாழ்ந்த ஒருவர் அதைப் படித்து உருகினார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

டிக்கின்ஸன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். உயிரோடிருந்தபோது அச்சேறியவை சுமார் பத்து, அவையும் பெயரில்லாமல். ஒன்றரை அடிச் சதுரமான ஒரு சிறு மேஜைதான் அவருடைய எழுத்துச்சாலை. பகல் பொழுது வீட்டு வேலைக்குப் போயிற்று. அவர் சுட்ட ரொட்டி 1856-ல் ஊர்க் கண்காட்சியில் இரண்டாம் பரிசு பெற்றது என்பது அவர் வாழ்நாளில் பெற்ற பகிரங்கமான கௌரவங்களுள் ஒன்று. அவர் காலமான பின் தங்கை லவீனியா பெட்டியைத் திறந்தபோது, தாள்களை மடித்து அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, நூல்கொண்டு தம் கையாலேயே தைத்த 40 சிறு கட்டுகளும், தைக்கப்படாத தாள்களும் அகப்பட்டன. பிற்காலத்தில் அவர் கடித உறைகளின் உட்புறத்திலும், கையில் கிடைத்த காகிதத் துண்டுகளிலும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

அந்தக் கையெழுத்துப் பிரதிகளில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு சொல்லுக்கு மேலே சிறு கூட்டல் குறி இட்டு, அதன் இடத்தில் வரக்கூடிய வேறு சொற்கள் இரண்டையோ மூன்றையோ கவிதையின் அடியில் எழுதி வைத்திருப்பார். இன்ன சொல்தான் என்று கடைசிவரை முடிவு செய்திருக்க மாட்டார். 1890-ல் மேபல் லூமிஸ் டாட் அம்மையாரும் ஹிக்கின்ஸனும் முதல் தொகுதியைப் பிரசுரித்தபோது, இந்தத் தயக்கங்களையெல்லாம் நீக்கி, அவர் வாரி இறைத்திருந்த இடைக்கோடுகளைக் குறைத்து, எதுகை இடறிய இடங்களைச் சீராக்கி, தலைப்புகளும் கொடுத்து வெளியிட்டார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த காரியந்தான். அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கவிதைகள் உலகத்துக்குக் கிட்டியிருக்குமோ என்னவோ. ஆயினும் 1955-ல் தாமஸ் ஜான்ஸன் மூலப் பிரதிகளை ஒட்டி மூன்று பாகங்களாகப் பதிப்பித்த பிறகே, அந்தக் குரலின் மூச்சுத் திணறலும் திடீர் நிறுத்தமும் வாசகரின் காதில் விழுந்தன. ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டிப் பாடபேதங்களோடு பதிப்பித்த பெரியவர்களின் உழைப்பால் சங்க நூல்களைப் படிக்க நேர்ந்த நமக்கு, பாடபேதத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சிறியதைக் கவனிப்பதில் அவருக்கு ஈடானவர் அரியர். பாதையில் இறங்கி வரும் ஒரு பறவையைப் பற்றிய கவிதை ஒன்றில், தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு அப்பறவை ஒரு புழுவைப் பச்சையாக விழுங்குகிறது. புல்லின்மேல் இருந்த பனித்துளியைப் பருகுகிறது. பிறகு, எதிரே வரும் வண்டு ஒன்றுக்கு வழிவிடுவதற்காகச் சுவரோரமாகப் பக்கவாட்டில் ஒரு தத்துத் தத்துகிறது. புழுவைத் தின்ற அதே ஜீவன் வண்டுக்கு மரியாதை செய்கிறது! இயற்கை கொடியது என்றும் சொல்லாமல், கருணையுடையது என்றும் சொல்லாமல், கண்டதைக் கண்டபடி வைத்துவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார். மரணத்தைப் பற்றிய அவருடைய கவிதைகள் பிரசித்தமானவை. மரணப் படுக்கையைச் சூழ்ந்து எல்லாரும் மகத்தான ஒன்றை எதிர்பார்த்திருக்கும் தறுவாயில் ஓர் ஈ குறுக்கே வந்து ரீங்கரிப்பதைப் பாடியதும் இந்தக் கவிதான். அண்ட சராசரத்தையும் வளைத்துப் பாடும் கவிகளை நான் வணங்குகிறேன். இருந்தாலும் உடல் நலமில்லாத இரவுகளில் என் கை தேடுவது டிக்கின்ஸனைத்தான்.

மூன்றாமவரைப் பற்றிச் சொல்லப் புகுந்தால், படித்தவர்கள் சிலர் முகம் சுளிப்பதை நான் அறிவேன். மந்திரமும் மாயமும் குழந்தைகளுக்கு. வயது வந்தவர்களுக்கு யதார்த்தம் என்ற ஓர் எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. வேதாளத்தைத் தோளில் சுமந்துகொண்டே நியாய சாஸ்திரம் பேசிய விக்கிரமாதித்தனின் கதைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த ஜனங்கள் இந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்திருக்கக் கூடாது. உர்சுலா லெ குவின் 1976-ல் வெளியான ஒரு கட்டுரையில், உல்ஃப் கண்ட அதே திருமதி பிரவுனை எடுத்துக்கொண்டு, விண்வெளிக் கப்பலிலும் மாய உலகத்திலும் அவளுக்கு உட்கார ஓர் இடம் உண்டா என்று கேட்டார். உண்டு என்று காட்டத் தம் முன்னோராகிய டால்கியனைச் சாட்சிக்கு அழைத்தார்: டால்கியனின் காவியத்தில் வரும் ஃப்ரோடோ, ஸாம், கொல்லம் முதலியோரைத் தனித்தனி ஆட்களாகப் பார்க்காமல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தால் பூரணமான ஒரு மனித உள்ளம் புலப்படும் என்பது அவர் வாதம். அரசர்களும் மாவீரர்களும் நிறைந்த அந்தப் பெருங்காவியத்தில் கடைசி மைல்களை நடந்து முடிக்கத் துணை நிற்பது ஒரு தோட்டக்காரன் என்பதையும் நான் கூடச் சேர்த்துக்கொள்வேன்.

லெ குவின் 1929-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், மானிடவியல் அறிஞர் ஆல்ஃப்ரட் குரோபரின் மகளாகப் பிறந்தவர். தம் இனத்தார் அனைவரும் அழிந்த பின் 1911-ல் ஒண்டியாக வெளிப்பட்டு, இஷி என்று மற்றவர்களால் அழைக்கப்பட்டு, தம் சொந்தப் பெயரைக் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லாமலே 1916-ல் இறந்துபோன யாஹி இனத்தவரோடு நெருங்கிப் பழகியவர் குரோபர்; இஷியின் சரித்திரத்தை எழுதியவர் லெ குவினின் தாயார் தியோடோரா. மகள் சிருஷ்டித்த எர்த்ஸீ என்ற தீவுலகத்திலும் ஒருவருடைய மெய்ப்பெயர் பரம ரகசியம். நம்பிக்கைக்குரிய ஒரு சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அது சொல்லப்படுவதில்லை. இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். அந்த உலகத்தின் நாயகன் கெட் செம்பு நிறத்தவன். தீவுகளின் ஜனங்களில் பெரும்பாலோர் மாநிறமோ கறுப்போ ஆனவர்கள். 1968-ல் அப்படி எழுதியது தற்செயலாக நேர்ந்ததன்று. அட்டைப்படக்காரர்கள் அவனை வெள்ளைக்காரனாகத் தீட்டியபோதெல்லாம் அம்மையார் மனம் வருந்தியிருக்கிறார்.

முதல் புத்தகமான ‘எர்த்ஸீயின் மந்திரவாதி’யில், பதின்மூன்று வயதுச் சிறுவன் கெட், ஒகியோன் என்ற குருவிடம் சீடனாகச் சேர்ந்து அவரோடு மலைப்பாதையில் நடந்து போகிறான். பூகம்பத்தையே அடக்கி நிறுத்தியவர் என்று நாடெல்லாம் போற்றும் அந்தக் குரு, மந்திரம் ஒன்றும் கற்றுத் தராமல் நாள் கணக்கில் மௌனமாக நடக்கிறார். மழை வருகிறது. அந்தத் தேசத்தில் சில்லறை மந்திரவாதியும் ஒரு வார்த்தையால் மேகத்தை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவான். ஒகியோனோ மழையை அதன் இஷ்டத்துக்குப் பெய்ய விட்டுவிட்டு, அடர்ந்த மரம் ஒன்றைத் தேடி அதன் கீழ்ப் படுத்துக்கொள்கிறார். சொட்டச் சொட்ட நனைந்த சிறுவன், வல்லமை இருந்தும் அதைப் பிரயோகிக்காவிட்டால் வல்லமை எதற்கு என்று மனத்துக்குள் பொருமுகிறான். அவன் அதற்கு விடை காண்பதற்குள் அகங்காரத்தால் பெரும் விபரீதம் விளைந்து, அவனே கட்டவிழ்த்துவிட்ட கரிய நிழல் ஒன்று அவனைக் கடல் கடந்தும் துரத்துகிறது.

அந்த வரிசையில் 1972-ல் வந்த மூன்றாம் புத்தகத்துக்குப் பதினெட்டு வருஷம் கழித்து, 1990-ல் ‘டெஹானு’ வந்தது. அதற்குள் கெட் உலகத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிட்டிருந்தான். பறவைநாகத்தின் முதுகில் குற்றுயிராக ஊர் வந்து சேரும் அவன், கூச்சத்தால் மனிதர் கண்ணில் படாமல் மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறான். கதை நடப்பதோ டெனார் என்ற விதவையின் கண்வழியாக. ஒரு காலத்தில் பூசாரிணியாக இருந்து, பிறகு குடியானவன் ஒருவனை மணந்து, பிள்ளைகளைப் பெற்று, இப்போது தனியாகப் பண்ணையைப் பார்த்துக்கொண்டு, நெருப்பில் தள்ளப்பட்டுப் பாதி முகம் வெந்துபோன ஒரு பெண் குழந்தையை வளர்ப்பவள். முந்திய புத்தகங்களின் சாகசங்களை எதிர்பார்த்து வந்த வாசகர் பலர், பால் கறப்பதையும் துணி துவைப்பதையும் கண்டு ஏமாற்றம் அடைந்தார்கள். என் மதிப்பில், எர்த்ஸீ நூல்களுள் தலையாயது இதுதான். வீரனின் கதை முடிந்த பிறகு வீட்டை நடத்துகிறவள் யார், அவளுடைய அறிவுக்கு என்ன பெயர் என்று கேட்கும் துணிவு வேறு எந்த மாயாஜாலக் கதைக்கு இருந்தது?

டால்ஸ்டாயையும் டிக்கன்ஸையும் வோர்ட்ஸ்வொர்த்தையும் இவ்வளவு எளிதாக விட்டுவிட்டீர்களே என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். அவர்களெல்லாம் யாருடைய சிபாரிசும் வேண்டாதவர்கள். தனியே எழுதத் தகுந்தவர்கள்.

இம்மூவரையும் இதுவரை படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எலியட்டை ‘மிடில்மார்ச்’சில் தொடங்கினால் முதல் நூறு பக்கங்களில் களைப்பு வரலாம், 1861-ல் வந்த ‘ஸைலஸ் மார்னர்’ சிறியது, ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பொற்காசுகளைப் பறிகொடுத்த கிட்டப்பார்வை நெசவாளி, கணப்பின் முன்னால் பொன்னிறமாக மினுங்குவதைத் தொலைந்த தங்கம் என்று எண்ணிக் கையை நீட்டி, குழந்தையின் மெல்லிய தலைமுடியைத் தொடும் இடம் வரை வந்துவிட்டால், பிற்பாடு ‘மிடில்மார்ச்’சின் எட்டுப் பகுதிகளும் கனமாகத் தோன்றா. டிக்கின்ஸனுக்கு ஜான்ஸனின் பதிப்பையோ, 1998-ல் ஃபிராங்க்லின் கொண்டுவந்த பதிப்பையோ தேடி வாங்குங்கள். பழைய பதிப்புகளை ஒட்டி மலிவாக அச்சிட்டவை கடைகளில் நிறைய இருக்கின்றன, அவற்றில் இடைக்கோடுகள் இரா. ஒரு நாளைக்கு மூன்று கவிதைகளுக்குமேல் படிக்க வேண்டாம். லெ குவினை வரிசைப்படி படியுங்கள். இரண்டாவதான ‘அட்டுவானின் கல்லறைகள்’ நூலைத் தாண்டிப் போனால் டெனார் யார் என்பது தெரியாமல் போய்விடும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு முதல் மூன்றையும் தாராளமாகக் கொடுக்கலாம்; ‘டெஹானு’வை அவர்கள் தாங்களே ஒரு குடும்பத்தின் பாரத்தைச் சுமக்கத் தொடங்கிய பிறகு படித்துக்கொள்ளட்டும்.